நாற்பத்தேழாம் குப்பி

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், பெரிய மருந்தறைக்குப் பின்னால், ஒரு சின்ன அறை இருந்தது. ஜன்னல் கிடையாது. சுவரில் முழ அகலத்துக்கு ஒரு திறப்பும் அதற்கொரு தள்ளுகதவும்தான் வெளியுலகத்தோடு அதற்கிருந்த உறவு. அந்த அறையில் வேலை பார்த்த மருந்தாளரை எல்லோரும் பூட்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வாயைத் திறந்து எதையும் சொல்ல மாட்டாள் என்பதால் வந்த பெயர் அது. கல்லுளிமங்கி என்று சொன்னவர்களும் உண்டு. அவர்கள் எல்லாம் அவளிடம் ஏதோ ஒன்றைக் கேட்டு மூக்குடைபட்டவர்கள்.

புதுக்காய்ச்சல் வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அதற்கென்று மருந்து இல்லை. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்து முடிக்க வருடக்கணக்காகும், அதுவரை கிருமி கைகட்டி நிற்குமா? அதனால் ஏற்கெனவே அலமாரியில் இருக்கிற பழைய மருந்துகளில் ஏதாவது இதற்கும் உதவாதா என்று டாக்டர்கள் தேடினார்கள். அப்படி அகப்பட்டதுதான் மூட்டுவாதக்காரர்கள் பல காலமாகச் சாப்பிட்டுவரும் ஒரு ரோஸ் நிற மாத்திரை. ஏதோ ஓர் ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய்க்குள் அது கிருமியைக் கொன்றதாம். குழாய்க்குள் சோப்புத் தண்ணீரை ஊற்றினாலும்தான் கிருமி சாகும், அதற்காக யாரும் சோப்பைக் கரைத்துக் குடிப்பதில்லை. ஆனால் செய்தி காற்றில் பறந்துவிட்டது. ஒரே வாரத்தில் கடைகளில் ரோஸ் மாத்திரை துடைத்துவிட்ட மாதிரி காலி. தும்மல்கூட வராதவன் எல்லாம் பத்து அட்டை வாங்கிப் பீரோவில் பதுக்கினான். அதை நம்பியே கை கால் நீட்டி மடக்கிக்கொண்டிருந்த மூட்டுவாதக்காரர்கள் கடை கடையாக ஏறி இறங்கினார்கள்.

சும்மா நம்பிக் கொடுப்பதைவிட சோதித்துப் பார்த்துவிடலாம் என்று முடிவெடுத்தவர் பெரிய டாக்டர். சம்மதிக்கிற நோயாளிகளில் பாதிப் பேருக்கு ரோஸ் மாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் மாவு. இரண்டும் ஒரே சாம்பல் நிறக் கேப்ஸ்யூலில். எந்தக் குப்பியில் எது இருக்கிறது என்று நோயாளிக்கும் தெரியாது, நர்ஸுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். மருந்து வாங்கினவன் லேசாக இருமினால்கூட தேறிவிட்டான் என்று எழுதத் தோன்றும். முழு ஆஸ்பத்திரியிலும் தெரிந்தது பூட்டக்கா ஒருத்திக்குத்தான். மாத்திரையைக் கேப்ஸ்யூலுக்குள் போட்டு மேலே மாவு நிரப்பி, தராசில் நிறுத்து, குப்பியில் அடைத்து, எண் ஒட்டியவள் அவள். பட்டியல் இரும்பு அலமாரியில் இருந்தது. சாவி அவள் கழுத்துச் சங்கிலியில் தொங்கியது.

இதிலுள்ள ஆபத்தும் அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் அடுத்த துடிப்புக்குத் தயாராகக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்கிறது. ரோஸ் மாத்திரை அந்த இடைவெளியைச் சிலருக்கு இழுத்துவிடும். மூட்டுவாதக்காரர்களுக்கு அளவு பார்த்து, சோதித்துக் கொடுப்பதால் பெரிதாக ஒன்றும் வருவதில்லை. காய்ச்சலில் ஏற்கெனவே தள்ளாடுகிற இதயம் என்ன செய்யும் என்பது யாருக்கும் தெரியாது. அதனால்தான் தினமும் காலையில் எல்லோருக்கும் ஈசிஜி எடுத்தார்கள். இடைவெளி எல்லையைத் தாண்டினால் கேப்ஸ்யூலை நிறுத்திவிட வேண்டும் என்பது விதி.

இத்தனை விதிகளையும் அவள் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்துவந்தபோதுதான் தங்கையின் கணவர் வார்டில் வந்து படுத்தார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள பாதிக் கட்டடங்களின் லிஃப்ட் அவர் கைபட்டுத்தான் ஏறி இறங்கியது. வந்த அன்றே வார்டு டாக்டர் சோதனையைப் பற்றிச் சொல்லிச் சம்மதம் கேட்டாராம். "மாவா இருந்தா சொல்லிடுங்க டாக்டர், ரொட்டியாவது சுட்டுச் சாப்பிடுவேன்" என்று சொல்லிவிட்டு மனிதர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவருக்கு விழுந்த எண் நாற்பத்தேழு. சீட்டில் பெயரைப் பார்த்ததும் பூட்டக்கா அதைக் கையில் எடுத்துக்கொண்டாள். நேராகப் பெரிய டாக்டரிடம் போய் விஷயத்தைச் சொன்னாள்.

"சொந்தக்காரர் இருக்கும்போது நான் பட்டியலை வச்சிருக்கக் கூடாது சார்."

"வேற யாருகிட்ட குடுக்கட்டும்? இன்னொரு மருந்தாளரே காய்ச்சல்ல படுத்திருக்கார். உங்க பேரே பூட்டு. பாத்துக்கங்க" என்று அவர் அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

அவள் கீழே வந்து அலமாரியைத் திறந்தாள். நாற்பத்தேழு, மருந்து.

மறுநாள் பார்வையாளர் நேரத்துக்கு முன்னால் தள்ளுகதவைத் தங்கை தட்டினாள். தங்கை தையல்காரி. பள்ளிச் சீருடைகள் தைப்பவள். பன்னிரண்டு வருடமாக மூட்டுவாதம். ரோஸ் மாத்திரை இருக்கிறவரைக்கும் அவள் விரல்கள் ஊசியில் நூல் கோக்கும். அது இல்லாவிட்டால் காலையில் பல்துலக்கக்கூட இன்னொருவர் கை வேண்டும். கடைகளில் தட்டுப்பாடு வந்தபோது, பழைய மூட்டுவாதக்காரர்களுக்கென்று ஆஸ்பத்திரி ஒதுக்கிவைத்ததிலிருந்து முறைப்படி சீட்டு எழுதி வாங்கி அக்காதான் கொண்டுபோய்க் கொடுத்துவந்தாள்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு. மாவா, மருந்தா?"

"அதெல்லாம் கேக்கக் கூடாதுடி."

"வாயால சொல்ல வேணாம். மருந்துன்னா தலைய மட்டும் ஆட்டு. நான் யாருகிட்ட சொல்லப் போறேன்?"

"போய் அவரைப் பாத்துட்டு வா."

"நீ என் கூடப் பொறந்தவதானே. உனக்கு நெஞ்சு பதறல?"

பதறத்தான் செய்தது. முதல் நாளிலிருந்து அடக்கி வைத்திருந்தது எல்லாம் ஒரேயடியாக வெளியே வரப் பார்த்தது. நல்லவேளை அவருக்கு மருந்து விழுந்தது என்கிற நிம்மதி. அந்த நிம்மதி தப்பு என்கிற குற்ற உணர்ச்சி. அந்த மருந்தே அவர் இதயத்தை ஏதாவது செய்துவிடுமோ என்கிற பயம். மூன்றும் சேர்ந்து கண்ணில் முட்டின. முகத்தைத் திருப்பிக்கொண்டு தள்ளுகதவை இழுத்து மூடினாள். மூடுவதற்குள் இரண்டு சொட்டு விழுந்துவிட்டது. இருபது வருட வேலையில் அந்தத் திறப்பில் அவள் அழுதது அதுதான் முதல் தடவை.

மூன்றாம் நாள் அவர் தேறினார். பிராணவாயுவைப் பாதியாகக் குறைத்தார்கள். வார்டிலிருந்த பழுதான விசிறியைப் படுக்கையிலிருந்தே பழுது பார்க்க யோசனை சொன்னதாகத் தலைமை நர்ஸ் போனில் சொல்லிச் சிரித்தாள். பூட்டக்கா அன்று வயிறாரச் சாப்பிட்டாள்.

ஐந்தாம் நாள் காலை ஈசிஜியில் நாற்பத்தேழின் இடைவெளி எல்லையைத் தாண்டியிருந்தது. விதிப்படி கேப்ஸ்யூலை நிறுத்தினார்கள். மீதிக் குப்பி கீழே திரும்பி வந்தது. சரி, இனிமேல் மெல்ல இறங்கிவிடும் என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஆறாம் நாள் இறங்கவில்லை. கூடியிருந்தது. இந்த மருந்து உடம்பில் தங்கிப் போகிற சரக்குத்தான், சட்டென்று இறங்காது என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் கூடுவானேன்? அன்று முழுக்க அந்தக் கேள்வி செருப்புக்குள் கல் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

ஏழாம் நாள் முற்பகல் பதினொன்றரைக்கு வார்டு டாக்டரே போனில் வந்தார். நல்ல டாக்டர், ஆனால் கொதிக்கிற பாலைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர் மாதிரி எப்போதும் ஒரு பரபரப்பு.

"நாப்பத்தேழுக்குத் துடிப்பு தாறுமாறா ஓடுது. இதயத்த அடக்குற ஊசிமருந்து ஒண்ணு உடனே வேணும்."

எந்த ஊசி என்று அவர் சொன்னதும் அவளுக்குக் கை நின்றுவிட்டது. அந்த ஊசியும் இடைவெளியை இழுக்கிற ஜாதி. "அதையும் கேப்ஸ்யூலையும் சேக்கக் கூடாதுன்னு விதியில இருக்கு டாக்டர்."

"கேப்ஸ்யூல நிறுத்தி ரெண்டு நாளாச்சு. நிறுத்தின பிறகும் கூடுதுன்னா அது கேப்ஸ்யூல் வேலை இல்ல. என் கணக்குல அவருக்குப் போனது மாவு. கிருமி இதயத்தப் பிடிச்சிருச்சு. இப்ப அடக்கலன்னா நின்னுடும்."

அவர் நினைப்பது தப்பு என்று அவளுக்குத் தெரியும். சொன்னால் பூட்டு உடையும். ஆனால் சொல்லியே ஆகவேண்டுமா? ஒரு தாளை இழுத்துக் கணக்குப் போட்டாள். நான்கு நாளைக்குக் கொடுத்த அளவு இவ்வளவு, நிறுத்திய பிறகு உடம்பில் மிச்சமிருப்பது இவ்வளவு. அந்த மிச்சத்தின் மேல் ஊசி போட்டால் ஆபத்து கொஞ்சம். போடாவிட்டால் ஆபத்து அதிகம். இரண்டாம் தடவையும் போட்டுப் பார்த்தாள். விடை மாறவில்லை. தெரிந்ததை வைத்துப் பார்த்தால் டாக்டர் கேட்பது சரியாகத்தான் இருந்தது. ஊசியை எடுத்துப் பெட்டியில் வைத்து, கையெழுத்துப் போட்டு, வார்டு ஆளிடம் கொடுத்தனுப்பினாள்.

கொடுத்து ஏழெட்டு நிமிஷம் இருக்கும். தள்ளுகதவு தட்டப்பட்டது. தங்கை, கையில் ஃபிளாஸ்க்கோடு.

"அக்கா, இத கொஞ்சம் திறந்து குடேன். மேல போய் நர்ஸுகிட்ட கேக்க ஒரு மாதிரி இருக்கு."

ஃபிளாஸ்க்கைத் திறப்பு வழியாக நீட்டினாள். பூட்டக்கா ஃபிளாஸ்க்கைப் பார்க்கவில்லை, அதைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தாள். கணுக்கணுவாக வீங்கிச் சிவந்து, மோதிர விரலில் மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. இந்த விரல்களை அவள் இந்த நிலையில் பார்த்துப் பன்னிரண்டு வருடமாகிறது.

"மாத்திரை போடலயா நீ?"

"கடையில எங்கக்கா கிடைக்குது."

"கடைய யாரு கேட்டா? போன வாரம் நானே ரெண்டு அட்டை கொண்டுவந்து குடுத்தேனே."

தங்கை ஃபிளாஸ்க்கைத் திறப்பின் விளிம்பில் வைத்துவிட்டுக் கையைப் பின்னால் மறைத்தாள்.

"எங்கடி அது?"

"ஒரு மாசமாவே பாதிப் பாதியாத்தான் போட்டேன். அவருக்கு வந்தா வேணுமேன்னு சேத்து வச்சேன்."

"அவருக்குக் குடுக்கறியா?"

"தினமும் ரெண்டு. வைட்டமின்னு சொல்லிக் குடுக்கறேன். அவருக்குத் தெரியாது, அவரைத் திட்டாத."

பூட்டக்கா திறப்பின் பக்கம் குனிந்தாள். "என்னைக்கிலிருந்து?"

"நீ அழுத அன்னைக்கிலிருந்து. நீ அழுததப் பாத்துத்தான் எனக்குப் புரிஞ்சுது, அவருக்கு மாவுதான் விழுந்திருக்குன்னு. உன்னால சொல்ல முடியல, நீயும் என்ன பண்ணுவ. நேத்துகூட ரெண்டு குடுத்தேன்."

"அடிப்பாவி, அவருக்கு மருந்துதான்டி விழுந்துச்சு. அந்த நிம்மதியிலதான்டி நான் அழுதேன்."

தங்கையின் முகம் என்னவானது என்று பார்க்க அவள் நிற்கவில்லை. போட்ட கணக்கு முழுவதும் பாழ். நிறுத்தியதாக நினைத்த மருந்து ஒரு நாளும் நிற்கவே இல்லை. அதன் மேல் இந்த ஊசி. வார்டுக்குப் போன் போட்டாள். லைன் வேலையாக இருக்கிற சத்தம்தான் விட்டுவிட்டுக் கேட்டது. மறுபடி போட்டாள், அதே சத்தம். அறையைப் பூட்டாமலே வெளியே ஓடினாள். லிஃப்ட் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே பிராணவாயு உருளைகளை ஒவ்வொன்றாக உருட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். படிக்கட்டைப் பிடித்தாள்.

நான்கு மாடி. ஐம்பத்து மூன்று வயது. இரண்டாம் மாடியில் மூச்சு முட்டியது, மூன்றாம் மாடியில் முழங்கால் மடங்கிக் கைப்பிடியைப் பிடித்து எழுந்தாள். பத்து நிமிஷத்துக்கு மெல்ல ஏற்ற வேண்டிய ஊசி அது. ஆள் மேலே போக நேரம், கலக்க நேரம், குழாய் மாட்ட நேரம் என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு கூட்டல் போட்டுக்கொண்டே ஏறினாள். இன்னும் ஆரம்பித்திருக்க மாட்டார்கள் என்று ஒரு படி சொன்னது, பாதி போயிருக்கும் என்று அடுத்த படி சொன்னது.

வார்டுக் கதவில் பாதுகாப்பு உடை இல்லாமல் உள்ளே வரக் கூடாது என்று எழுதியிருந்தது. எழுதியதில் அவளுக்கும் பங்குண்டு. முகக்கவசத்தைக் கையால் அழுத்திக்கொண்டு தோளால் கதவைத் தள்ளினாள்.

"நாப்பத்தேழு மருந்து. மாவு இல்ல டாக்டர், மருந்து. வீட்டு மாத்திரையும் உள்ள போயிருக்கு, தினமும் ரெண்டு, நேத்துவரைக்கும். ஊசிய நிறுத்துங்க."

இருபத்திரண்டு கட்டில்களும் அவளைத் திரும்பிப் பார்த்தன. நான்கு மாதமாகக் கழுத்தில் தொங்கிய ரகசியம் எல்லோர் காதிலும் விழுந்தது. தலைமை நர்ஸ் கையை நீட்டிக் குழாயின் திருகை மூடினாள். சொட்டு நின்றது. பாட்டிலில் பாதி இருந்தது.

பாதிதான் போயிருக்கிறது என்று அவள் நினைத்து முடிப்பதற்குள் திரையில் ஓடிய கோடு முறுக்கிக்கொண்டது. மேலும் கீழுமாகக் கயிறு திரிக்கிற மாதிரி சுழன்றது. லிஃப்ட் மெக்கானிக்கின் கண்கள் மேலே செருகின. வார்டு டாக்டர் ஒரே தாவலில் கட்டில் மேல் ஏறி நெஞ்சை அழுத்த ஆரம்பித்தார். அவருடைய பரபரப்பு போன இடம் தெரியவில்லை. நிதானமாக, அளந்து, எண்ணிக்கொண்டே அழுத்தினார். மின்அதிர்ச்சிப் பலகைகள் வந்தன. எல்லோரும் கையை எடுத்தார்கள். உடம்பு ஒரு தடவை தூக்கிப் போட்டது. கோடு மாறவில்லை.

"மக்னீசியம்" என்றார் டாக்டர்.

பூட்டக்கா சுவரோடு ஒட்டி நின்றாள். அவளுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. கீழே இருந்தால் எதையாவது எடுத்துக்கொடுக்கலாம், நிறுக்கலாம், கையெழுத்துப் போடலாம். இங்கே வெறும் கையோடு நிற்க வேண்டியிருந்தது. நான் அன்று அழாமல் இருந்திருக்கலாம், இன்று காலை வாயைத் திறந்திருக்கலாம், இரண்டையும் தலைகீழாகச் செய்துவிட்டேன் என்று நினைத்தாள். நினைக்க நினைக்கத் தன்மேல் அருவருப்பாக வந்தது.

இரண்டாம் அதிர்ச்சிக்குப் பிறகு கோடு ஒரு கணம் தட்டையாகக் கிடந்தது. பிறகு ஒரு மேடு. நெடுநேரம் கழித்த மாதிரி இன்னொரு மேடு. மூன்றாவது வந்தபோதுதான் தலைமை நர்ஸ் மூச்சை விட்டாள்.

மதியம் இரண்டு மணிக்குத் தீவிர சிகிச்சை அறைக்கு வெளியே பெரிய டாக்டர் வந்து நின்றார். உள்ளே லிஃப்ட் மெக்கானிக்கின் இதயம் ஓடிக்கொண்டிருந்தது. இடைவெளி ஒரு நூல் குறைந்திருப்பதாகச் சொன்னார்கள். பிழைப்பாரா என்று கேட்டதற்கு, ராத்திரி தாண்டட்டும் என்றார்கள்.

"வீட்டம்மாவுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார் பெரிய டாக்டர்.

"அவளுக்குத் தெரியல சார். தப்பா நினைச்சுட்டா. அவ கேட்டப்போ நான் அழுதேன். அதப் பாத்து அவளா ஒண்ண முடிவு பண்ணிக்கிட்டா."

"அழுததுதான் காரணம்னு அறிக்கையில எழுதணும்."

"எழுதறேன். இன்னைக்குக் காலையில ஊசி கேட்டப்போ நான் பேசாம இருந்ததையும் எழுதறேன்."

அவர் கையை நீட்டினார். அவள் சங்கிலியோடு சாவியைக் கழற்றிக் கொடுத்தாள். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "மூணாம் நாளே அவரு தேறினாரு. அது மருந்தாலயா, தானாவான்னு தெரிஞ்சுக்க வழி இருந்துச்சு. இப்ப அந்த ஆள் கணக்கிலிருந்து போச்சு" என்றார்.

தலைமை நர்ஸ் அப்போதுதான் வந்தாள். கையில் ஒரு தட்டு. மேலே துணி போட்டு மூடியிருந்தது.

"இந்த ஒரு கட்டில்ல மட்டுமா இருக்கும்னு ஒரு சந்தேகம் வந்துச்சு டாக்டர். எல்லாரோட பையையும் இழுப்பறையையும் பாத்துட்டேன்."

துணியை எடுத்தாள். ரோஸ் மாத்திரைகள். அட்டையோடு சில, உதிரியாகப் பல. கண்ணாடிக் கூட்டிலிருந்து, காலுறைக்குள்ளிருந்து, பவுடர் டப்பாவிலிருந்து, தலையணை உறையிலிருந்து. இருபத்திரண்டு கட்டிலில் பதினாலு கட்டிலில் இருந்ததாம். ஒரு நோயாளியின் மகன் பெரிய கம்பெனியில் அதிகாரி. அவன் வெளியூரிலிருந்து வரவழைத்தானாம். ஒருத்தி பக்கத்து வீட்டு மூட்டுவாதக்காரியின் காலில் விழுந்து வாங்கிவந்தாளாம். மாவோ மருந்தோ, நம்ம கையால் கொஞ்சம் போட்டுவைப்போம் என்று எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி நினைத்திருக்கிறார்கள். பூட்டக்காவின் தங்கை மாதிரி யாரும் யாருடைய முகத்தையும் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை. பார்க்க முகமே கிடைக்காததால்தான் கொடுத்திருக்கிறார்கள்.

"அதுல ரெண்டு பேருக்கு இன்னைக்குக் காலையில இடைவெளி எல்லைக்கிட்ட வந்திருக்கு" என்றாள் நர்ஸ். "நிறுத்திட்டேன்."

பெரிய டாக்டர் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். தட்டைப் பார்த்தார். "மாவையும் மருந்தையும் ஒப்பிட்டுப் பாக்கறதா நினைச்சோம். நாலு மாசமா மருந்தையும் மருந்தையும் ஒப்பிட்டுட்டு இருந்திருக்கோம்" என்றார். சாவி அவர் விரல்களுக்குள்ளேயே இருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை, சட்டைப்பையில் போடவும் இல்லை.

பூட்டக்கா தட்டைக் கிளறினாள். லிஃப்ட் மெக்கானிக்கின் கட்டில் இழுப்பறையிலிருந்து வந்த அட்டையில் ஆஸ்பத்திரிச் சீட்டு ஒட்டியிருந்தது. தங்கையின் பெயர், வயது, நோய், வேளைக்கு எத்தனை என்று பூட்டக்காவே தன் கையெழுத்தில் எழுதியது. ஆறு மாத்திரை மிச்சமிருந்தது. அதை எடுத்துக்கொண்டாள். இது அவளுடையது சார் என்றாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

தங்கை கண்ணாடிச் சுவருக்கு முன்னால் நின்றிருந்தாள். உள்ளே குழாய்களுக்கு நடுவே அவள் கணவரின் ஒரு காதும் தாடையும்தான் தெரிந்தன. இரண்டு மணி நேரமாக அவள் உட்காரவில்லை, அழவும் இல்லை. அக்கா பக்கத்தில் வந்ததும் திரும்பாமலே பேசினாள்.

"நான்தானேக்கா பண்ணேன்."

"நீயும் பண்ண. நானும் பண்ணேன்."

"பொழச்சு வந்துடுவாரா?"

"தெரியலடி. இடைவெளி குறையுது. அது மட்டுந்தான் தெரியும்."

அக்கா அட்டையைப் பிதுக்கி ஒரு மாத்திரையை எடுத்து நீட்டினாள். தங்கை அதைப் பார்த்ததும் பாம்பைக் கண்ட மாதிரி பின்வாங்கினாள்.

"எனக்கு வேணாம். அவரு கண்ணத் திறக்கட்டும்."

"அவரு கண்ணத் திறக்கறப்போ கையப் பிடிக்கணும்னா உனக்குக் கை வேணும்டி."

"இதத் தொடவே பயமா இருக்கு. இதுதானே அவரக் கொல்லப் பாத்துச்சு." அவள் குரல் உடைந்தது. "ஒண்ணாவது சொல்லு. இவ்வளவு நாள் எதையும் சொல்லல, இதையாவது சொல்லு. அவருக்கு இது கொஞ்சமாவது வேலை செஞ்சுதா? மூணாம் நாள் எழுந்து உக்காந்தாரே, இதனாலயா?"

பூட்டக்காவுக்கு இப்போது ஒளித்துவைக்க எதுவும் இல்லை. இருந்ததை எல்லாம் சொல்லியாகிவிட்டது.

"தெரியாதுடி. இனிமே யாருக்குமே தெரியாது" என்றாள். தங்கையின் வீங்கிய கையைப் பிடித்து விரித்து, உள்ளங்கையில் மாத்திரையை வைத்தாள். "ஆனா உனக்கு வேலை செய்யும். அது மட்டும் பன்னெண்டு வருஷமாத் தெரியும். முழுங்கு."

தங்கை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே வாயில் போட்டாள். பக்கத்து மேசையிலிருந்த தண்ணீர் டம்ளரைப் பிடிக்க அவளால் முடியவில்லை. அக்கா பிடித்துக்கொண்டாள்.